பஸ் நிறுத்தத்தில் ஒரு தாவல்

நாள் முழுக்க மூட்டை தூக்கிவிட்டு முட்டி போட்டால் உயிர் போகிறது. இருந்தாலும் வேலை முடிந்ததும் கேமராவோடு இந்த பஸ் நிறுத்தத்தில் முட்டி போடுகிறேன்.

தங்கை நடனக்காரி. போன மாதம் இங்கேதான், பஸ் ஏறும் கூட்டத்துக்கு நடுவே ஆடினாள். "அக்கா, இந்தத் தடவையும் நான் தாவுறதை எடுக்காம கோட்டை விட்டேன்னா, கேமராவை வித்துடுவேன்" என்று சிரித்துக்கொண்டே தாவினாள். படம் எடுத்தேன். அவள் கீழே வரவில்லை.

"தினமும் யாருக்கும்மா காத்துக் கிடக்குறே?" என்றார் கண்டக்டர்.

"தங்கச்சிக்கு."

"எந்த பஸ்ல வர்றா?"

"பஸ்ல வரலண்ணே."

காலி இடத்தைத்தான் எடுக்கிறேன். படத்தில் அவள் இருக்கிறாள். முதலில் பஸ் கூரைக்கு மேலே இருந்தாள். நேற்று ஜன்னல் உயரம். இன்று படிக்கட்டு உயரத்தில், கால் விரலை நீட்டியபடி. நாளைக்கும் வருவேன்.

அன்று படம் எடுக்க அம்மாவிடம் கேட்டு அழைத்துவந்த அவள் பெண்ணை நான் இன்னும் திருப்பித் தரவில்லை.