வலையில் கிடந்த பூட்ஸ்

கட்டட வேலைக்கு மார்க் போட வந்த பாதுகாப்பு அதிகாரி துருவித் துருவிப் பார்த்தும் குறை அகப்படவில்லை. எல்லார் தலையிலும் ஹெல்மெட் இருந்தது. தூசி கிளம்பாமல் மண்ணில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். கான்ட்ராக்டர் தவமணி பெருமை பிடிபடாமல் கூடவே நடந்தாள்.

ஆறாவது மாடிக்குக் கீழே விரித்திருந்த வலையைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார். வலையின் நடுவே ஒற்றைப் பூட்ஸ் கிடந்தது. அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

“வலையில எதுவும் கிடக்கக் கூடாதும்மா. மார்க் குறையும்.”

“மத்ததையெல்லாம் அன்னன்னிக்கே எடுத்துடுவோம் சார். இதை மட்டும் எடுக்க மாட்டோம். ஆயுத பூஜைக்கு நம்ம ஆளுங்க பொட்டு வெச்சாங்க.”

“யாரோடது?”

தவமணி அண்ணாந்து, “சன்னாசி!” என்று குரல் கொடுத்தாள். சாரத்திலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்துச் சிரித்தது.

“இடுப்பு பெல்ட்டோட கொக்கியை மாத்தி மாட்டுறப்போ விழுந்துட்டான் சார். வலையிலேருந்து எந்திரிச்சு, ஒத்தைப் பூட்ஸோட நடந்து வந்து டீ கேட்டான்.”

“ஆள் விழுந்திருந்தா அதுக்கும் மார்க் குறைக்கணுமே.”

“தாராளமா குறைங்க சார்,” என்றாள் தவமணி. “எனக்கு ஆள் குறையலையே.”