எஞ்சினுக்கு ஒரு போர்வை

கருகல் நாற்றம் முதலில் அம்மாவுக்குத்தான் எட்டியது.

அண்ணன் கவ்ரீல், குளிர்காலத்தில் எங்களுக்குப் பாதையாகிவிடும் உறைந்த ஆற்றின் நடுவிலேயே ஜீப்பை நிறுத்தினான். எஞ்சினை அணைக்காமல் இறங்கி பானட்டைத் தூக்கினான். எஞ்சின்மேல் போர்த்தியிருந்த தடித்த கம்பளி ஒரு பக்கம் சரிந்து, சூடான குழாயில் பட்டுப் புகைந்துகொண்டிருந்தது. பிடுங்கிப் பனியில் எறிந்து மிதித்தான். மிஞ்சியது கைக்குட்டை அளவு கந்தல்.

எங்கள் பக்கம் குளிர்காலம் தொடங்கியதும் மனிதருக்கு முன்னால் வண்டிக்குத்தான் உடுத்திவிடுவோம். ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை, எஞ்சினுக்கு மேலே கம்பளி. குளிர் மைனஸ் ஐம்பதைத் தாண்டிவிட்டால், மூடாத எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குளிர்ந்து போகும். ஒருமுறை நின்றால் அதோடு சரி.

அண்ணன் ஏறி உட்கார்ந்து, போய்விடலாம் என்றான். குரலில் நம்பிக்கை இல்லை. நேற்று ஊரிலிருந்து யாகூத்ஸ்க் நகரம் வரைக்கும் ஓட்டி வந்தவன், காலையில் மருத்துவமனை வாசலில் ஒரு தம்ளர் தேநீரோடு திரும்பக் கிளம்பியிருந்தான். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன.

அப்பா பின்னால் நீளமாகப் படுத்திருந்தார். இருக்கைகளைக் கழற்றி அவருக்காக இடம் பண்ணியிருந்தோம். அம்மா தலைமாட்டில் ஒடுங்கி உட்கார்ந்து, போர்வைக்குள் கைவிட்டு அவர் கையைப் பிடித்திருந்தாள்.

அது அம்மா தைத்த முயல்தோல் போர்வை. கல்யாணமான வருஷம் தைத்தது. அதை மறக்காமல் கொண்டுவரச் சொல்லி, அண்ணன் ஊரிலிருந்து கிளம்புவதற்குள் அவனுக்கு எத்தனையோ முறை போன் செய்துவிட்டாள். மருத்துவமனையில் அப்பாவுக்கு ஒரு மெல்லிய துணிதான் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் அங்கிருந்த ஆளிடம் சண்டைக்குப் போனாள். தன் கையால் முயல்தோலைப் போர்த்தி, கால்மாட்டில் ஓரங்களைச் செருகிவிட்ட பிறகுதான் வண்டியை எடுக்கவிட்டாள்.

கொஞ்ச தூரத்திலேயே எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் இறங்க ஆரம்பித்தது. ஹீட்டரிலிருந்து வந்த காற்று வெதுவெதுப்பாகி, பிறகு சில்லென்று ஆனது. கண்ணாடியின் உட்புறம் பனி பூத்தது. நான் சுரண்டச் சுரண்ட அது திரும்ப மூடியது. எதிரே ஒரு லாரிகூட வரவில்லை. கரை எந்தப் பக்கம் என்றே தெரியாத மூடுபனி.

எஞ்சின் ஒருமுறை இருமியது.

அண்ணன் மறுபடி நிறுத்தினான். அதை மூட ஏதாவது வேண்டும் என்றான். காலடி விரிப்பை எடுத்துப் பார்த்தோம், அது ரப்பர். குளிரில் ஓடுபோல் உடைந்தது. நான் என் கோட்டின் பொத்தானில் கை வைத்தேன். கழற்றினால் கொஞ்ச நேரத்தில் என்னையும் பின்னால் படுக்கவைக்க வேண்டியிருக்கும் என்று அண்ணன் கத்தினான். அவன் கத்தி நான் கேட்டதே இல்லை.

பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

அம்மா போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். கால்மாட்டிலிருந்து தொடங்கி, மெதுவாக, தூங்குகிறவரை எழுப்பிவிடாமல் எடுப்பதைப்போல. அப்பா பள்ளிக்கூட விழாக்களுக்குப் போடும் கறுப்புக் கோட்டோடு படுத்திருந்தார். எத்தனை மெலிந்து போயிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"வேணாம்மா," என்றான் அண்ணன்.

"உங்கள நடுஆத்துல விறைக்க விட்டேன்னா அவருதான் என்ன சும்மா விடுவாரா? கட்டுடா."

அவன் வாங்கிக்கொள்ளவில்லை. அம்மா தானே கதவைத் திறந்து இறங்கினாள். காற்று அவளை ஒரு பக்கமாகத் தள்ளியது. பானட்டின்மேல் போர்வையை விரித்து, ரேடியேட்டரின் முகம் மறையும்படி கீழே இழுத்துவிட்டாள். மயிர்ப்பக்கம் வெளியே. அண்ணனும் நானும் கயிறு போட்டு, சக்கரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் இறுக்கினோம். கையுறையோடு முடிச்சுப் போட வரவில்லை. அண்ணன் கழற்றிவிட்டுப் போட்டான். விரல் நுனிகள் வெளுத்துவிட்டன.

முடிந்ததும் அம்மா போர்வையின் ஓரத்தை ஒருமுறை தட்டிச் செருகினாள். பிறகு ஏறி, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவர் கையைத் தேடிப் பிடித்தாள்.

வண்டி நகர்ந்தது. முள் நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு, எங்களைச் சோதித்துப் பார்த்து அலுத்ததுபோல், மெல்ல ஏறியது. கண்ணாடியில் கையளவு தெளிந்தது, பிறகு தலையளவு. அதற்கு அப்பால் வெள்ளை மயிர் காற்றில் படுத்துப் படுத்து எழுந்தது. பாதையைப் பார்க்க அண்ணனுக்கு அதைத் தாண்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

கரை ஏறியபோது அம்மா தூங்கியிருந்தாள். வாய் லேசாகத் திறந்து, தலை ஜன்னலில் இடித்து இடித்து. இந்த வாரத்தில் அவள் கண் மூடி நான் பார்த்தது அப்போதுதான்.

ஊருக்கு முன்னால் இருக்கும் மேட்டில், ஊசியிலை மரங்களுக்கு நடுவே கறுப்பாகப் புகை எழுந்தது. எங்கள் மண் கல்லாய் உறைந்து கிடக்கும்; கட்டைகளை எரித்து இளக்கினால்தான் குழி வெட்டக் கடப்பாரை இறங்கும். நேற்றிலிருந்து எரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நெருப்பருகே நின்றிருந்த சித்தப்பா எங்கள் வண்டியைப் பார்த்ததும், அந்தக் குளிரிலும் தொப்பியைக் கழற்றினார். அருகில் நின்றவர்களும் கழற்றினார்கள்.

நான் அம்மாவை எழுப்பத் திரும்பினேன். அண்ணன் என் தோளைத் தொட்டான். எஞ்சினை அணைக்காமலே வண்டியை ஓரமாக நிறுத்தியிருந்தான்.

"எழுப்பாத," என்றான். "குழி இன்னும் முழங்கால் ஆழம்கூட வரல. அதுவரைக்கும் தூங்கட்டும்."