சுவரைத் தாண்டிய கொழுப்பு

ஈரலில் இருந்த ஒரு செல்லின் சவ்வுச் சுவரில், உள்பக்கமாக ஒரு கொழுப்பு மூலக்கூறு ஒட்டி வாழ்ந்தது. திடீரென்று அந்தச் செல்லுக்குப் புத்தி பிசகியது. ஓயாமல் உப்பி, அக்கம்பக்கத்துச் செல்களை நெருக்கத் தொடங்கியது.

"நான் வெளிப்பக்கம் போகிறேன்," என்றது கொழுப்பு.

செல் நடுங்கிவிட்டது. கொழுப்பு வெளியே தலைகாட்டினால், அதையே அழைப்பாகக் கொண்டு காவல் சுற்றும் வெள்ளையணு வந்து செல்லை விழுங்கிவிடும்.

"உனக்கு இடம் கொடுத்த என்னையே காட்டிக்கொடுப்பாயா?"

"பக்கத்தில் இருப்பவர்களுக்கு மூச்சு முட்டுகிறதே!"

செல் சுவரை இறுக்கியது. கொழுப்பு முட்டி மோதி, புரண்டு வெளியே வந்தது.

வெள்ளையணு வாயைத் திறந்தபடி நெருங்கி, சற்றுத் தயங்கியது. "கூப்பிட்டது நீயா? உன்னையும் சேர்த்துத்தானே விழுங்க வேண்டும்?"

"தெரிந்துதான் வந்தேன். இந்தச் செல் இரண்டாகப் பிரிவதற்குள் விழுங்கு."