தமிழில் கேட்கும் குரல்

மட்டாஞ்சேரிப் படகுத்துறைக்கு மேலே அந்த மாடி அறையில், ஆனி மாதத்து மாலை வெளிச்சம் நனைந்த சாக்கின் நிறத்தில் கிடக்கிறது. கீழே கிடங்கில் சுக்கு மூட்டை இறக்குகிறவர்களின் மலையாளக் கூச்சல். சன்னலோரம் உட்கார்ந்திருக்கும் கணவர் நஜ்முதீனின் முன்னால் சுல்ஃபத் சாயாவையும் இரண்டு மாத்திரைகளையும் வைக்கிறாள். பெரியது, அவர் காதுக்குள் பேசும் குரலை அடக்க மனநோய் டாக்டர் கொடுத்தது. சிறியது, அந்தப் பெரிய மாத்திரையால் வந்த கைநடுக்கத்துக்கு நரம்பு டாக்டர் கொடுத்தது. இருவரும் பார்ப்பது ஒரே மூளையைத்தானாம். அவர் தலையில் கம்பி ஒட்டி எடுத்த நீளக் காகிதம் மேசையில் சுருண்டிருக்கிறது. அதன் கோடுகளுக்குள் அந்தக் குரல் எங்கே இருக்கிறதென்று தேடித் தேடி அவள் ஓய்ந்துவிட்டாள்.

“என்னங்க, சாயா ஆறிப்போவுது.”

அவர் திரும்பவில்லை.

“ஏங்க, ஒங்களத்தான்.”

விரல்கள் மட்டும் நடுங்குகின்றன. குரல் கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாதென்பது மனநோய் டாக்டரின் கட்டளை. தெருவும் கிடங்கும் ஆஸ்பத்திரியும் மலையாளம் பேசும் இந்த ஊரில் அவரிடம் தமிழ் பேசுவது இரண்டே பேர்: அவளும் அந்தக் குரலும்.

சுல்ஃபத், மீன்காரனிடம் பேசும் மலையாளத்தை முதல்முறையாகக் கணவரிடம் பேசுகிறாள். “சாயா குடிக்கூ.”

அவர் சட்டென்று திரும்பிக் கிளாஸை எடுக்கிறார். முகத்தில் பெருமை.

“அது ரெண்டு தரம் கூப்புட்டுச்சு, சுல்ஃபத். நான் வாயே தொறக்கல.”