பக்கத்துக் கம்பத்துப் பச்சை
மொரப்பூர் நிலையத்தின் ஓரத் தடத்தில் சரக்கு ரயில் வெயிலில் நிற்கிறது. எதிரே இரண்டு சிக்னல் கம்பங்கள். சரக்கு ரயிலுக்கானதில் சிவப்பு, எக்ஸ்பிரசுக்கான பக்கத்துக் கம்பத்தில் பச்சை விழுகிறது. "பச்சை," என்று விதிப்படி கையை நீட்டிக் கூவுகிறான் உதவி ஓட்டுநர் சந்திரமோகன். காலையிலிருந்து கூவிப் பழகிய வாய், கண்ணைக் கேட்பதில்லை. ஓட்டுநர் நிசார் அகமது பிரேக்கைத் தளர்த்தவில்லை. உள்ளங்கையிலிருந்த கடலைத் தோலை ஊதிவிட்டு, "பக்கத்து இலைக்கு ஊத்துன பாயசங்க அது. நக்கலாமா?" என்கிறார். கண்ணாடி அதிர எக்ஸ்பிரஸ் பறக்கிறது. இவன் பேச்சைக் கேட்டிருந்தால் வண்டி அந்தத் தடத்தில்தான் மூக்கை நீட்டியிருக்கும். தூசி அடங்கியதும் அவர்கள் கம்பத்தில் மஞ்சள் எரிகிறது. இருவரும் நிறத்தை உரக்கச் சொன்ன பிறகே கிளம்ப வேண்டும். நிசார் சொல்லிவிட்டார். சந்திரமோகனின் உதடு மட்டும் அசைகிறது. "காதுல விழலீங்க," என்கிறார் நிசார்.