கட்டைவிரல்

தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து நின்ற டூலம்சுரேன், தொட்டியோரம் உட்கார்ந்திருந்த இரண்டு சாட்சிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் பல் கிட்டித்துக்கொண்டிருந்தது.

"முழங்கை வெளிய தெரிஞ்சிருச்சு அக்கா," என்றான் மூப்பர் ஹாட்லாக்.

மூப்பர் என்பது பட்டம். வயது இருபதுதான். அமெரிக்காவிலிருந்து மங்கோலியாவுக்கு ஊழியம் செய்ய வந்த மார்மன் பையன்.

இது மூன்றாவது தடவை. முதலில் முட்டி வெளியே நின்றது. அடுத்த தடவை வெள்ளை அங்கி காற்றடைத்துப் புஸ்ஸென்று மேலே வந்துவிட்டது. முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு என்பார்கள். இந்தச் சபையின் கணக்கில் முக்காடும் முங்க வேண்டும். துணியின் ஒரு முனை வெளியே நின்றாலும் ஞானஸ்நானம் செல்லாது, மறுபடி முதலிலிருந்து. அதைப் பார்த்துச் சொல்லத்தான் சாட்சிகள்; இரண்டு பேரும் சரியென்றால்தான் செல்லும்.

மே மாதம். குழாய் கழுவுகிறோம் என்று ஊருக்கே பொதுவாக வரும் வெந்நீரை நிறுத்தியிருந்தார்கள், வருஷா வருஷம் நடப்பதுதான். சபையார் கெட்டில் கெட்டிலாகக் கொதிக்கவைத்து ஊற்றினார்கள். அந்தத் தொட்டிக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

தண்ணீரில் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தவன் ஹாட்லாக்கின் ஊழிய ஜோடி, மூப்பர் வைனுகு. டோங்கா தீவுக்காரன், மலை மாதிரி ஆள். அவனுக்கே உதடு நீலம் பாரித்திருந்தது.

"உடம்பைத் தளர விடுங்க அக்கா. நான் பிடிச்சிருக்கேன்ல."

"உனக்கென்ன ராசா, நீ கடல்ல பொறந்தவன். நான் ரயில்ல பொழச்சவ," என்றாள் டூலம்சுரேன்.

பின்னால் நாற்காலிகளில் சிரித்தார்கள். வேலை பார்த்த காலமெல்லாம் ரயில் பெட்டியில் தேநீர் கொடுத்தவள் அவள். தேநீர் குடிக்கக் கூடாதென்ற இந்தச் சபைக்காக அந்தத் தேநீரையே விட்டிருந்தாள்.

ஹாட்லாக்குக்குச் சிரிப்பு வரவில்லை. கழுத்து வலித்தது. அடுத்த வாரம் ஊர் திரும்புகிறான்.

இரண்டு வருஷம் போயிருந்தது. இலவச ஆங்கில வகுப்பு என்றால் கூட்டம் வரும், கடவுள் பேச்சை எடுத்தால் கரைந்துபோகும். கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போய், வேலிக்கு வெளியே நின்று "நாயைப் பிடிங்க" என்று கத்தி, உள்ளே போய் அதே பாடத்தை அதே சொற்களில் ஒப்பித்து, அவன் நெஞ்சு காய்ந்துபோயிருந்தது. கடைசிவரை வந்தவள் இவள் ஒருத்திதான்.

பாடம் நடந்த நாளெல்லாம் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "முழுசான்னா, முழுசாவேவா?"

"முழுசாத்தான்," என்றான் அவன், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

வைனுகு வலது கையை உயர்த்தி, அதே ஜெப வார்த்தைகளைச் சொல்லி, அவளைப் பின்னால் சாய்த்தான். தலை போனது. தோள், கை, முட்டி, அங்கி எல்லாம் போயின.

இடது காலின் கட்டைவிரல் மட்டும் மேலே வந்து, ஒரு நொடி நின்று, உள்ளே போனது.

ஹாட்லாக் பார்த்தான். நன்றாகவே பார்த்தான்.

ஒரு விரலுக்காக இந்தப் பொம்பளை காய்ச்சலில் விழ வேண்டுமா? கடவுள் என்ன, கால் விரலை எண்ணிக்கொண்டா உட்கார்ந்திருக்கிறார்?

"முழுசா முங்கிட்டாங்க," என்றான்.

இன்னொரு சாட்சியான ஒயுன்பிலெக் அம்மாள் மூக்குக்கண்ணாடியில் தெறித்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நீங்க பார்த்தா சரிதான்," என்றாள்.

நாற்காலிகளில் பெருமூச்சு விட்டார்கள். யாரோ பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்கள். அடுக்களையில் ஆட்டுக்கறி வைத்த பூஸ் கொழுக்கட்டை வெந்துகொண்டிருந்தது.

டூலம்சுரேன் படியேறவில்லை. ஹாட்லாக் இருந்த பக்கமாக வந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"தம்பி, கால் விரல்ல காத்து பட்டுச்சே."

அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான்.

"என் மக சரூல் சாகும்போது அவளுக்குக் கல்யாண வயசு. செத்த பின்னாலயும் குடும்பம் ஒண்ணாயிருக்கும், அதுக்கு இதுதான் வாசல்னு என் வீட்டுல உக்காந்து சொன்னது நீதானே? மத்ததெல்லாம் எனக்கு விளங்கல. அதுக்காகத்தான் வந்தேன். விரல் வெளிய நின்னா நான் அவகிட்ட போய்ச் சேருவேனா?"

அந்த வாக்கியத்தை அவன் எத்தனையோ வீடுகளில் கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொல்லியிருக்கிறான். அதை ஒருத்தி அப்படியே பிடித்துக்கொண்டு பச்சைத் தண்ணீரில் நிற்கிறாள்.

"வெளிய வந்துச்சு அக்கா. நான் பொய் சொல்லிட்டேன்."

அவள் கோபப்படவில்லை. "சரி, இந்தத் தடவை நல்லாப் பார்த்துச் சொல்லு," என்று திரும்பி வைனுகுவிடம் போனாள்.

பாட்டுப் புத்தகத்தை மூடினார்கள். ஹாட்லாக் மண்டியிட்டுத் தண்ணீருக்கு மேல் குனிந்தான். வைனுகு கையை உயர்த்தினான். அவள் சாய்ந்தாள். தண்ணீர் மூடிக்கொண்டது.

எழுந்து, முகத்தை வழித்துவிட்டு, அவள் ஹாட்லாக்கைப் பார்த்தாள். கூடமே அவனைப் பார்த்தது. சரியென்று சொல்லித் தொலையேன் என்பது போல வைனுகுவும் பார்த்தான்.

"தெரியல அக்கா," என்றான். "கண்ணு கலங்கிருச்சு. நான் பார்க்கல."

டூலம்சுரேன் அருகே வந்து, ஈரக் கையால் அவன் கண்ணிரண்டையும் துடைத்துவிட்டாள்.

பிறகு தொட்டியின் நடுவுக்குப் போய் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.