இரண்டு பேர் கூட்டம்

மானுடவியல் முதலாண்டு வகுப்பு. நீண்ட விடுப்பு முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்தார் பேராசிரியர்.

"இன்னைக்கு ரொம்பச் சின்ன ஒரு மனுஷக் கூட்டத்தைப் பத்திப் பார்ப்போம். வீட்டுல ஒருத்தர் இறந்துட்டா, அதுக்கப்புறம் அவர் பேரை அவங்க வாய்விட்டுச் சொல்லவே மாட்டாங்க. ஆனா அவரோட சட்டையை மட்டும் வாராவாரம் துவைச்சு, காய வெச்சு, மடிச்சு வைப்பாங்க."

முதல் பெஞ்சு வாயாடிக்கு நாக்கு சும்மா இருக்குமா?

"போடாத சட்டை எப்படி சார் அழுக்காகும்? சோப்புக் கம்பெனிக்காரன் கிளப்பிவிட்ட சடங்கா இருக்கும்!"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவரும் லேசாகச் சிரித்தார்.

"ஒருநாள் திரும்பி வருவார்னு நம்பறாங்களா சார்?" என்று கேட்டான் பின்வரிசைக்காரன்.

"இல்லப்பா. புதைச்சதே அவங்கதானே."

"அப்போ சுத்தப் பைத்தியங்க சார்!" என்றாள் வாயாடி.

"பார்க்கறவங்களுக்கு அப்படித்தான்மா தெரியும். அதைச் செய்யாட்டி அவங்க என்ன ஆவாங்கன்னு யோசிச்சுப் பாரு. இந்தப் படிப்பே அங்கதான் ஆரம்பிக்குது."

"மொத்தம் எத்தனை பேர் சார் அந்தக் கூட்டத்துல?"

"ரெண்டே பேர்."

மணி அடித்தது. அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியேறினார். இரண்டு பேரை எப்படிக் கூட்டம் என்று சொல்லலாம், விடக் கூடாது என்று அவர் பின்னாலேயே ஓடினாள் வாயாடி.

வராந்தாவில் நின்று, இருட்டிய வானத்தைப் பார்த்தபடி மனைவியிடம் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார் அவர்.

"மழை வரும்போல இருக்கும்மா. கொடியில அவன் சட்டை கிடக்கும். நனையறதுக்குள்ள எடுத்து உள்ளே போட்டுடு."